குளிசைப் போத்தல் வேண்டாம், சம்பளத்தோடு கிளினிக் நாள் வேண்டும்



இரண்டு மாதத்துக்கு முன்பு சவளக்கடையில் ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம் ஒன்று நடந்தது. அது நமது சங்கக் கூட்டம் அல்ல. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து கதிரையில் உட்கார்ந்து ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினார். "இதற்குள் எல்லா விற்றமினும் இருக்கு. இதயக் குழாயைக் கழுவிவிடும். இனிப் பிரஷர் குளிசை தேவையில்லை" என்றார். ஒரு போத்தலின் விலை, கரும்பு வெட்டுகிறவரின் மூன்று நாள் கூலி. கொண்டுவந்த போத்தல் முழுவதும் அன்றைக்கே விற்றுப்போனது.

வாங்கியவர்களில் நமது அங்கத்தவர் ஒருவரும் இருந்தார். ஹிங்குரானைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர். எல்லாரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வருடமாகக் கிளினிக் கொப்பியோடு போய் மருந்து எடுத்தவர், போத்தல் கைக்கு வந்ததும் கிளினிக்கை நிறுத்திவிட்டார். நாலாவது கிழமை ஒரு விடியற்காலை வாய் கோணி, வலது கை விழுந்துபோய், 1990 அம்புலன்ஸில் ஏற்றினார்கள். உயிர் தப்பிவிட்டது. கத்தி பிடித்த கை இன்னும் எழும்பவில்லை. வீட்டில் உழைக்கிற கை அது ஒன்றுதான்.

"அவரது விதி" என்று சொல்லிவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. ஒரு பொய்யும் ஒரு இல்லாமையும் சேர்ந்து செய்த வேலை இது. இரண்டையும் பேச வேண்டும்.

முதலில் பொய்யைப் பார்ப்போம்.

விற்றமினுக்கும் இதயத்துக்கும் தொடர்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கதையிலே தொழிலாளரின் உயிரும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு ஆசியா முழுவதும் பெரிபெரி என்ற நோய் பரவியிருந்தது. கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் களைத்து நின்றுபோகும். ஜாவாவில் வேலை செய்த ஒல்லாந்து வைத்தியர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் காலிழுத்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் எழும்புவதையும் கண்டார். 1929இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மலாயாவில் வெள்ளீயச் சுரங்கத்தில் தீட்டிய பச்சையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர் இந்த நோயில் செத்துக்கொண்டிருந்தபோது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளரை அது அவ்வளவாகத் தொடவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற தயமின் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் அதில் பெரும்பங்கு மிஞ்சுகிறது. 1912இல் விற்றமின் என்ற பெயர் பிறந்ததே இந்தத் தவிட்டு ஆராய்ச்சியில்தான்.

வயலுக்கு நடுவே வாழ்கிற நமக்கு இதிலே ஒரு பாடம் இருக்கிறது. இதயத்துக்கு வேண்டிய விற்றமின் நம் புழுங்கல் அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கிறது. இல்லாதவனுக்கு அதைக் கொடுத்தால் உயிர் பிழைப்பான். போதிய அளவு இருக்கிறவனுக்கு மேலும் மேலும் கொடுத்தால் இதயம் இரட்டிப்புப் பலமாகுமா? வியாபாரி ஆகும் என்கிறான். சோதித்துப் பார்த்தவர்கள் ஆகாது என்கிறார்கள்.

பிரித்தானியாவில் இருதய நோய் அல்லது சீனி நோய் போன்றவை உள்ள 20,536 பேரை ஐந்து வருடம் கவனித்தார்கள். முடிவு 2002இல் வந்தது. பாதிப் பேருக்கு விற்றமின் ஈ, சீ, பீட்டா கரோட்டின் மூன்றும் தினமும் கொடுத்தார்கள். மற்றப் பாதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. விற்றமின் எடுத்தவர்களின் இரத்தத்தில் அந்தச் சத்து கூடியது உண்மை. ஆனால் மாரடைப்பும் பாரிசவாதமும் ஒரு துளிகூடக் குறையவில்லை. அதே மனிதர்களைத்தான் வேறு வகையிலும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைக்கிற சிம்வாஸ்டற்றின் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் மாரடைப்பும் பாரிசவாதமும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தன. இந்த வகை மருந்தைத்தான் நமது அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காசு வாங்காமல் தருகிறார்கள். காசுக்கு விற்கிறது வேலை செய்யவில்லை, இலவசமாகக் கிடைக்கிறது வேலை செய்கிறது. இதைத்தான் வெள்ளைச் சட்டைக்காரர் சொல்லவில்லை.

"நல்லது செய்யாவிட்டாலும் கெடுதி இல்லையே" என்று நம்மிலே சிலர் கேட்கிறார்கள். கெடுதி இருக்கிறது. பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் செய்த பரிசோதனையில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. 1994இல் அது வெளியானது. சுருட்டும் பீடியும் விடாத நம் ஆட்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய கெடுதி காக்காவுக்கு நடந்தது. போத்தலை நம்பி உண்மையான மருந்தை நிறுத்துவதே அந்தக் கெடுதி.

கர்ப்பிணித் தாய்க்குக் கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்து, போலிக் அமிலக் குளிசைகளையும், பிள்ளைகளுக்குத் தருகிற விற்றமின் ஏயையும் யாரும் நிறுத்திவிடக் கூடாது. அவை தேவை அறிந்து தரப்படுபவை. நாம் எதிர்ப்பது முற்றத்து வியாபாரத்தை.

இந்த நாட்டில் இதற்கு எதிராக முன்பே ஒரு போராட்டம் நடந்தது. பேராசிரியர் சேனக பிபிலேயும் இடதுசாரித் தலைவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். தேவையான மருந்துகளை மட்டும், கம்பனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில், அரசே வாங்க வேண்டும் என்றார்கள். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அப்படித்தான் பிறந்தது. பல்தேசியக் கம்பனிகள் அதை விடாமல் எதிர்த்தன. பிபிலே 1977இல் இறந்துவிட்டார். ஏழையின் கையில் மலிவான சரியான மருந்து கிடைக்க வேண்டும் என்ற அவர் கொள்கை தொழிலாளியின் சொத்து. அதை ஒரு போத்தலுக்கு விற்றுவிடலாமா?

இனி இல்லாமையைப் பேசுவோம். காக்கா ஏன் கிளினிக்கை விட்டார்? முட்டாள்தனத்தால் அல்ல. கிளினிக் நாள் என்றால் விடிய முன்னம் போய் நம்பர் எடுக்க வேண்டும், மத்தியானம் வரை வரிசையில் இருக்க வேண்டும், அன்றைய கூலி போய்விடும். மலையகத் தோட்டங்களில் நம் உறவுகளுக்கும் இதே கதைதான். கிளினிக்குக் போனால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. "இலவச" மருந்துக்கு ஒரு நாள் கூலியை விலையாகக் கொடுக்கிறோம். வியாபாரி நமது வாசலுக்கே வருகிறான். மருந்தோ நமது ஒரு நாளைத் தின்கிறது. யார் பக்கம் சாய்வோம்?

வாசலுக்கு மருந்து முறையும் வரலாம். வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்று நாட்டுக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் பிரஷர் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இலங்கையில் அந்த வேலையைச் செய்தவர்கள் நமக்குத் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தர்கள். இரண்டு வருடத்தில் மற்றக் கிராமங்களைவிட அங்கே பிரஷர் நன்றாகக் குறைந்தது என்று 2020இல் அறிவித்தார்கள். செய்யமுடியும் என்று காட்டியாகிவிட்டது. செய்விப்பது நமது வேலை.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

மாதத்தில் ஒரு கிளினிக் நாளுக்குக் கொப்பியைக் காட்டினால் முழுச் சம்பளம் தர வேண்டும்.

ஒவ்வொரு பிரட்டுக்களத்திலும், கரும்பு வெட்டும் இடத்திலும் பிரஷர் அளக்கும் கருவி இருக்க வேண்டும்.

35 வயது கடந்தவர்களைப் பரிசோதிக்கிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தின் சேவை வருடத்தில் ஒரு முறையாவது வேலைத்தளத்துக்கு வர வேண்டும்.

நமது சங்கக் கூட்டங்களில் எந்தக் குளிசைப் போத்தலும் விற்க இடமில்லை. விற்பவர் நம் அங்கத்தவராக இருந்தாலும் சரி.

வீட்டிலும் நமக்கு வேலை உண்டு. கருவாட்டை ஊறவைத்துக் கழுவுங்கள், சம்பலுக்கு உப்பைக் குறையுங்கள், புகையிலையை விடுங்கள். தலையிடி இல்லை என்பதற்காகப் பிரஷர் குளிசையை நிறுத்தாதீர்கள். பிரஷர் சத்தம் போடாமல்தான் கொல்லும். நெஞ்சு அழுத்தி, வியர்த்து, இடது கை இழுத்தால் கஷாயம் வைத்துப் பார்க்காமல் உடனே 1990ஐ அழையுங்கள்.

போன கிழமை காக்காவைப் பார்க்கப் போனோம். இடது கையால் கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டினார். இப்போது மனைவி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவரைக் கூட்டிப் போகிறார். அதாவது இரண்டு கூலி போகிறது. அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் நாம் முதலில் வைக்கப்போவது அந்தக் கொப்பியைத்தான்.