சட்டம் நமக்காக: வாசலில் போலீஸ் வந்து நின்றால்...

ராத்திரி ஒன்பது மணி. அடுப்படியை ஒழித்துவிட்டு, குழந்தையைத் தூங்கப் போட்டிருக்கிறீர்கள். வாசலில் போலீஸ். "உங்க வீட்டுக்காரர் மேல ஒரு புகார் வந்திருக்கு. ஸ்டேஷனுக்கு வரணும்" என்கிறார்கள். மாமியார் அழ ஆரம்பிக்கிறார். "எனக்குத் தெரிஞ்ச ஏட்டு ஒருத்தர் இருக்கார். ஏதாவது கொடுத்து முடிச்சிடலாம் அண்ணி" என்கிறார் கொழுந்தன். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பல வீடுகளில் முதல் நாள் அழுகையிலும் அலைச்சலிலுமே போய்விடுகிறது. ஆனால் கைதானவருக்குச் சட்டம் தரும் முக்கியமான பாதுகாப்புகள் அந்த முதல் நாளுக்கானவைதான். அதனால் சகோதரிகளே, பதற்றத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஸ்டேஷன்? என்ன புகார்? எந்தப் பிரிவு?

பிரிவு ஏன் முக்கியம்? டாக்டருக்கு நோயின் பெயர் எப்படியோ, வக்கீலுக்குப் பிரிவு அப்படி. பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நாம் கேலியாகச் சொல்லும் "போர்ட்வென்டி" இப்போது 318-ம் பிரிவு! கொலைக்கு 302 போய் 103 வந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு மட்டும் பழைய எண்களே தொடரும்.

குற்றங்களில் ஜாமீனில் விடக்கூடியவை, விடமுடியாதவை என்று இரண்டு வகை உண்டு. வேலித் தகராறில் ஒருவரை அடித்துச் சாதாரணக் காயம் ஏற்படுத்துவது 115(2). பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது 296. கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுவது 281. இவையெல்லாம் ஜாமீனில் விடக்கூடியவை. ஜாமீன் கொடுத்தால் விட்டே ஆகவேண்டும்; அது உரிமை, சலுகை அல்ல. ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழையானால், ஒரு வாரத்துக்குப் பிறகு சொந்தப் பொறுப்பிலேயே விடச் சட்டம் சொல்கிறது.

மோசடி, பெரிய திருட்டு, மனைவியைக் கொடுமைப்படுத்துதல் முதலியவை இரண்டாவது வகை. "ஜாமீனே கிடைக்காதாமே!" என்று இடிந்து போகாதீர்கள். கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கோர்ட் தீர்மானிக்கும், அவ்வளவுதான். கைதானவர் பெண், குழந்தை அல்லது நோயாளி என்றால் கோர்ட் அதையும் கருதிப் பார்க்கலாம். போதைப்பொருள் போன்ற தனிச் சட்டங்களில் மட்டும் விதிகள் மிகக் கடுமை.

ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றமானால், புகார் வந்த உடனே கைது என்பது கிடையாது. கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும். இல்லையென்றால் ஆஜராகும்படி நோட்டீஸ்தான் தரவேண்டும். 2014-ல் சுப்ரீம் கோர்ட் இதை அழுத்திச் சொன்னது. நோட்டீஸ் வந்தால் ஒளிந்துகொள்ளாமல் போய் ஆஜராவதே நல்லது. கைதாகலாம் என்ற பயம் முன்கூட்டியே இருந்தால், செஷன்ஸ் கோர்ட்டிலோ ஹைகோர்ட்டிலோ முன்ஜாமீன் கேட்கலாம்.

கைது செய்தே விட்டால்? காரணத்தைச் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டார் ஒருவரோ அக்கம்பக்கத்துப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். உறவினருக்குத் தகவல் தரவேண்டும். டாக்டர் பரிசோதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். அடித்திருந்தால் பயப்படாமல் மாஜிஸ்திரேட்டிடமே சொல்லலாம்.

கைதாகிறவர் பெண்ணாக இருந்தால் இன்னும் பாதுகாப்பு உண்டு. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில், பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கித்தான் செய்யலாம். உடம்பைச் சோதனையிடுவதும் பெண்தான். "சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வாம்மா" என்றால், "வீட்டிலேயே விசாரியுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி, 1977-ல் போலீஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. தன்னைக் குற்றவாளியாக்கும் கேள்விக்கு மௌனமாக இருக்கலாம் என்று 1978-ல் தீர்ப்பு வந்தது. அவரை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னதும் தவறு என்று நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். அந்த மௌனம் சாதாரண மனுஷிக்கும் உண்டு.

கையெழுத்து விஷயத்திலும் ஜாக்கிரதை! கைதுக் குறிப்பில் கைதானவர் கையெழுத்துப் போடவேண்டும். ஆனால் போலீஸ் விசாரணையில் சொல்லும் வாக்குமூலத்துக்குக் கையெழுத்தே தேவையில்லை. வெள்ளைத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள். வீட்டில் யாரையும் போடவும் விடாதீர்கள்.

"வக்கீலுக்குப் பணத்துக்கு எங்கே போவேன்?" என்று கவலையா? காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்; அல்லது கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குப் போங்கள். கொழுந்தனுக்குத் தெரிந்த ஏட்டுக்குக் கொடுக்கும் பணம் கேஸை முடிக்காது; லஞ்சம் கொடுப்பதே தனிக் குற்றம்.

ஜாமீனில் வந்துவிட்டால் கேஸ் முடிந்ததாக அர்த்தமில்லை. தகராறு, சிறு காயம் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் சமாதானமாகப் போகலாம். புகாரில் குற்றமே இல்லையென்றால், எப்.ஐ.ஆரை ரத்து செய்ய ஹைகோர்ட்டுக்குப் போகலாம். குற்றப்பத்திரிகை வந்தபின் சாட்சியம் போதாதென்று விடுவிக்கக் கேட்கலாம். இவை எதுவும் பலிக்காவிட்டால், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து வாதாடுவதுதான் வழி. 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், உள்ளே இருப்பவர் ஜாமீன் கேட்டுப் பெறும் உரிமை வந்துவிடும்.

"ஒத்துக்கிட்டு பைன் கட்டிட்டா தீர்ந்தது" என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டாதீர்கள். அதுவும் தண்டனைதான். நாளைக்குப் பையன் அரசாங்க வேலைக்கு மனுப் போடும்போது அது எதிரே வந்து நிற்கும். வக்கீலைக் கேட்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

இன்றைக்கே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் பகுதி ஸ்டேஷன் போன் நம்பர், தெரிந்த வக்கீல் ஒருவரின் நம்பர், 15100 — மூன்றையும் எழுதி, பால் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படாமலே போகட்டும்!