வக்கீல் அக்கா கையில் ரிமோட்!

சீரியலில் கோர்ட் சீன் வந்தால், அடுப்படியில் இருப்பவர்கள்கூட ஹாலுக்கு வந்துவிடுவார்கள். ஆனால், தினமும் கோர்ட்டுக்குப் போகும் ஒருவர் அதே சீனைப் பார்த்தால் என்ன சொல்வார்? சென்னையில் குடும்பநல வழக்குகளை நடத்தும் வக்கீல் அக்கா ஒருவரிடம் கேட்டோம். “பேர் மட்டும் போட்டுடாத தம்பி, நாளைக்கு கோர்ட்ல என்னைக் கலாய்ச்சே கொன்னுடுவாங்க” என்ற நிபந்தனையோடு ஆரம்பித்தார்.

முதல் சிரிப்பு மரச் சுத்தியலுக்கு. “நம்ம ஊர் கோர்ட்ல ஏதுப்பா சுத்தியல்? ஜட்ஜ் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தா போதும், ஹாலே கப்சிப்!”

அடுத்தது, பகவத் கீதை மேல் கை வைத்துச் செய்யும் சத்தியம். 1969-ம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி, சாட்சி சொல்பவர் கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம். இல்லையென்றால் உளமார உறுதி கூறலாம். அதற்குப் புனித நூல் எதுவும் தேவையில்லை.

1952-ல் ‘பராசக்தி’, 1984-ல் ‘விதி’ என்று கோர்ட் வசனங்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நிஜ கோர்ட்டில் அப்படிப் பேசினால்? “மூணாவது வரியிலேயே ‘பாயின்ட்டுக்கு வாங்க’ன்னு சொல்லிடுவாங்க. பின்னாடி அத்தனை கேஸ் வெயிட்டிங்ல இருக்கும்ல!”

‘அப்போ எதுக்கா நிஜம் மாதிரி இருக்கு?’ என்றதும், அவர் காமெடி பக்கம் கை காட்டினார். 2024-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘மாம்லா லீகல் ஹை’ இந்தி சீரீஸ் அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம். டெல்லி பட்பர்கஞ்ச் மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும் கதை; ரவி கிஷன் வக்கீலாக நடித்திருக்கிறார். “உட்கார ஒரு ரூம் கிடைக்காம வக்கீலுங்க அல்லாடுறது, பார் அசோசியேஷன் அரசியல், விசித்திரமான கட்சிக்காரங்க... எங்க பொழப்பு அப்படியே இருக்கு!”

ஹாலிவுட்டில் அவருடைய ஃபேவரைட், 1992-ல் வந்த ‘மை கசின் வின்னி’. அதில் அனுபவமே இல்லாத வக்கீல், சாட்சியின் காலைச் சாப்பாடு வேக எத்தனை நிமிஷம் ஆகும் என்று கேட்டே அவருடைய சாட்சியத்தைக் கவிழ்த்துவிடுவார். “குறுக்கு விசாரணைன்னா கத்துறது இல்ல தம்பி. இந்த மாதிரி சின்னச் சின்ன கேள்விதான்.”

இதுவரை எல்லாம் சிரிப்புதான். மூன்று காட்சிகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அக்காவின் முகம் மாறியது. அவற்றை நம்பி ஏமாந்தவர்களை நேரிலேயே பார்க்கிறாராம்.

முதல் காட்சி: பேப்பரை நீட்டி, ‘கையெழுத்துப் போடு, விவாகரத்து!’ என்பது. வீட்டிலோ, பத்திரத்திலோ, நோட்டரி முன்போ போடும் கையெழுத்து, சட்டப்படி விவாகரத்து ஆகாது. இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர விவாகரத்துக்கே ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதன்பிறகு இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். பிறகு குறைந்தது 6 மாதம் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் அந்த 6 மாதத்தைக் கோர்ட் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. ஆனாலும், திருமணத்தை முடித்து வைப்பது கோர்ட்டின் உத்தரவுதான். “அந்த பேப்பரை நம்பி அடுத்த கல்யாணத்துக்கு ரெடியாகி வர்றவங்க இருக்காங்க. முதல் கல்யாணம் உயிரோட இருக்குன்னு சொன்னா அப்படியே உடைஞ்சு போயிடுறாங்க.”

இரண்டாவது காட்சி: நள்ளிரவில் ஜீப் வந்து ஹீரோயினை அள்ளிக்கொண்டு போவது. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்பதுதான் பொது விதி. தவிர்க்க முடியாத சூழ்நிலை என்றால், பெண் காவல் அதிகாரி எழுத்துப்பூர்வமாக அறிக்கை கொடுத்து, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்க வேண்டும். ஆணோ பெண்ணோ, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. “‘ராத்திரி தூக்கிட்டுப் போயிடுவேன்’னு யாராவது மிரட்டினா, பயத்துல வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. முதல்ல ஒரு வக்கீலுக்கு போன் பண்ணுங்க.”

மூன்றாவது காட்சி: ‘கோர்ட்டுக்குப் போக நம்மகிட்ட ஏதும்மா காசு?’ என்று அம்மா அழுவது. உண்மையில், 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் இலவச சட்ட உதவி பெறலாம். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், தகுதி இருப்பவர்களுக்கு வக்கீல் நியமிப்பார்கள். உதவி எண் 15100.

“சீரியல்ல சுத்தியல் இருந்துட்டுப் போகட்டும், அதனால யாருக்கும் நஷ்டம் இல்ல. காசு இல்லைன்னு ஒரு பொண்ணு கோர்ட் வாசலுக்கே வராம இருந்துட்டா, அது யார் நஷ்டம்?” என்றார் அக்கா.

இன்றைக்கு சீரியல் பார்க்கும்போது விளம்பர இடைவேளையில் ஒரு வேலை செய்யுங்கள் மக்களே. அந்த 15100-ஐ அம்மா போனிலும் பாட்டி போனிலும் சேமித்து வையுங்கள்!