பரிந்துரைக் கடிதத்தைக் கிழித்தெறி!

தோழா!

தேவிகாபுரத்துத் தெருவிலே நடந்து பார், தறியோசை கேட்கும். பாவிலே ஆயிரமாயிரம் இழைகள், ஒவ்வொன்றுக்கும் ஓரிடம். ஓரிழை மற்றோர் இழையின் இடத்தைப் பறித்தால் சேலையே பழுது. வரிசையின் அருமையை நெசவாளிக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

அந்த நெசவாளிக்குக் குடலிறக்கம் என்று வைத்துக்கொள். இன்றே அறுவை செய்யாவிடில் உயிர் போய்விடும் என்ற நோயன்று. "நாள் குறித்துச் செய்யலாம்" என்கிறார் மருத்துவர். எந்த நாள்? தெரியாது. முன்னே எத்தனை பேர்? தெரியாது. பின்னே வந்தவர் முன்னே போனது எப்படி? கேட்கக் கூடாது! ஏட்டுக்கு அது அவசரமற்ற நோய். ஆனால், குழித்தறியிலே கால்மிதிக்க இயலாத அவருக்கோ, ஒவ்வொரு நாளும் கூலி போன நாள், கடன் ஏறிய நாள்.

பின்னே வந்தவரை முன்னே அனுப்பியது யார்? சொல்லக் கூசுகிறது தோழா, சில வேளைகளில் நாம்தான்! "வேண்டியவர், உடனே கவனிக்கவும்" என்று கடிதம் எழுதித் தருகிறோம். தொண்டு செய்தோம் எனத் தோள் தட்டிக்கொள்கிறோம். ஒருவருக்குக் கை கொடுத்தோம், உண்மை. ஊமையாய் நின்ற மற்றவரைப் பின்னுக்குத் தள்ளினோம், அதுவும் உண்மைதானே!

வழியில்லையா? தமிழ்நாடே காட்டிய வழி உண்டு. 2008ஆம் ஆண்டு, விபத்திலே மூளைச்சாவுற்ற தம் மகனின் உறுப்புகளைத் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் கொடையாக ஈந்தனர். நாடு நெகிழ்ந்தது. அவ்வாண்டே மாநிலம் தழுவிய உறுப்புக்கொடைத் திட்டம் உருவாயிற்று. 2014இல் அதற்கென்றே ஆணையம் அமைந்தது. காத்திருப்போர் பட்டியல் கணிப்பொறியிலே! குருதிப்பிரிவு, பதிவு செய்த நாள் முதலிய எழுதிவைத்த விதிகள் அங்கே பேசும். வரிசைக்கு வெளியே என்ன நடக்கும்? 1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடுத்தும், பள்ளிப்பாளையத்து விசைத்தறித் தொழிலாளரின் சிறுநீரகத்தைத் தரகர்கள் விலைபேசினர் என்ற செய்தி 2025இல் நம் நெஞ்சைச் சுட்டதே!

சிறுநீரகத்துக்கு இயன்ற வரிசை, குடலிறக்கத்துக்கும் கண்புரைக்கும் இடுப்பெலும்புக்கும் ஏன் இயலாது?

கணிப்பொறி வைத்தால் மட்டும் நீதி வந்துவிடுமோ? வராது! இங்கிலாந்தைப் பார். பட்டியலைக் கணிப்பொறியில் வைத்திருந்த நாடு. எனினும், ஒன்பது மருத்துவ அமைப்புகள் காத்திருப்போர் கணக்கை முறைகேடாகத் திருத்தின என்று 2001இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே அம்பலப்படுத்தியது. பொறி பொய் சொல்லாது. பொறிக்குப் பொய் சொல்லித்தர மனிதனால் முடியும்.

ஆகவே மூன்று காவல்கள் வேண்டும். மருத்துவர் அறுவை என்று முடிவுசெய்த அன்றே, வரிசை எண்ணும் நாளும் தமிழில் அச்சிட்ட சீட்டு நோயாளி கைக்கு வர வேண்டும். ஒருவரை முந்தவிட்டால், மருத்துவக் காரணமும் முடிவு செய்தவர் பெயரும் பதிவாக வேண்டும். காத்திருப்போர் எத்தனை பேர், எத்தனை நாளாய் என்ற கணக்கு, நோயாளர் பெயரின்றி, திங்கள்தோறும் மருத்துவமனை வாயிலில் தொங்க வேண்டும். கைப்பேசி இல்லாத மூதாட்டியும் கேட்டறிய வேண்டுமன்றோ!

பட்டியல் கட்டிலைப் பெற்றுத்தராது, மயக்க மருந்து தரும் மருத்துவரையும் பெற்றுத்தராது என்பாய். மெய்தான். ஆனால், எத்தனை கட்டில் குறைவு, எத்தனை மருத்துவர் குறைவு என்று அது எண்ணிக் காட்டும். மறைந்து கிடக்கும் வரிசை தனித்தனி மனிதரின் பெருமூச்சு. வெளிப்பட்ட வரிசையோ ஊரே எழுப்பும் கோரிக்கை. இங்கிலாந்திலே 2023இல் காத்திருப்பு 77 இலட்சத்தைத் தாண்டியபோது ஆட்சியாளர் தலைகுனிந்து பதில் சொல்ல நேர்ந்தது. ஏன்? எண்ணிக்கை எல்லோர் கண்ணிலும் பட்டது!

நாளைக் காலையில் ஒருவர் உன் வாயிலில் வந்து, கடிதம் கேட்டு நிற்பார். எழுதாதே! அவருடன் மருத்துவமனைக்கு நட. அவர் எண்ணைக் கேள். முன்னே நிற்போர் எண்ணிக்கையையும் கேள். அவருக்காக மட்டுமல்ல, வரிசையிலே நிற்கும் அத்தனை பேருக்காகவும் கேள்.

தோழா, கடிதம் ஒருவரை முந்த வைக்கும். கேள்வியோ வரிசையையே நகர வைக்கும்!