சுவரை எடுத்தால் போதுமா? பார்க்டேல் பாடசாலைகளும் எமது பிள்ளைகளும்

பார்க்டேலின் ஜேம்சன் அவெனியூ அடுக்குமாடிகள் எம்மில் பலருக்கு ரொறன்ரோவின் முதல் முகவரி. பலர் ஸ்காபுறோவுக்கும் அதற்கப்பாலும் போய்விட்டோம். பின்னர் திபெத்தியக் குடும்பங்கள் வந்தன. இன்றும் அங்குள்ள பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டு மொழி அல்ல.

அங்கிருந்த விக்டோரியா மகாராணி பெயரிலான ஆரம்பப் பாடசாலை, 2022இல் பார்க்டேல் நூலகத்தில் பணியாற்றிய ரீட்டா கொக்ஸின் பெயரைப் பெற்றது. பெயரை மாற்றுவது நல்லது, அது இலகுவும்கூட. கட்டடத்தை மாற்றப் பெரும் பணம் வேண்டும், அது மாகாண அரசிடம் இருக்கிறது. புதிய வீடு கட்டுவோரிடம் பாடசாலை நிலத்துக்கான கட்டணத்தை அறவிடவும் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையால் முடியவில்லை. சபையின் பாடசாலைகளை மொத்தமாகப் பார்த்தால் வெற்று இடங்கள் உண்டு என்பதே காரணம்.

ஆகவே கட்டும் வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். வரும்போது எதைக் கேட்பது?

பார்க்டேலுக்குச் சில கிலோமீற்றர் கிழக்கே, கனூ லாண்டிங்கில், இரண்டு ஆரம்பப் பாடசாலைகள், சிறுவர் பராமரிப்பு நிலையம், மாநகர சமூக நிலையம் ஆகியன 2020 முதல் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. பகிர்ந்து பயன்படுத்துவதால் இடமும் செலவும் மிச்சமாகின்றன. இது பின்பற்றத்தக்க வழி.

ஆனால் குழுவாகக் கற்பதற்காக வகுப்பறைச் சுவர்களையே அகற்றுவது வேறு. ஒன்ராறியோ அதை ஏற்கெனவே முயன்று பார்த்தது. 1968இன் ஹோல்-டெனிஸ் அறிக்கைக் காலத்தில் திறந்த வகுப்பறைப் பாடசாலைகள் பல எழுந்தன. இரைச்சல் தாங்காமல் பின்னர் பலவற்றில் தடுப்புகள் வைக்கப்பட்டன.

இரைச்சலில் முதலில் பின்தங்குவது, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளை. தவறவிட்ட சொல்லை ஊகிக்க அதனிடம் போதிய மொழி இல்லை. சரியாகக் கேட்காததால் மௌனமாக இருக்கும் பிள்ளையை, விளங்காத பிள்ளை என்று எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. வெற்று வகுப்பறையில் பின்னணி ஒலி 35 டெசிபெலையும், எதிரொலி அடங்கும் நேரம் 0.6 செக்கனையும் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க நியமம்.

சக்தி சேமிப்பும் அமைதியும் தானாக ஒத்துப்போவதில்லை. மூடப்படாத கொங்கிறீட் வெப்பத்தைத் தேக்கி வைக்கும். ஒலியையும் திருப்பி அனுப்பும். காற்றுப் புகாத கட்டடத்துக்கு இயந்திரக் காற்றோட்டம் வேண்டும். அதன் விசிறி இரையும். அதற்காகச் சக்தித் திட்டத்தைக் கைவிடத் தேவையில்லை. 2014இல் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிட்ட ஒன்ராறியோவில், எரிவாயுக் கொதிகலனுக்குப் பதிலாக வெப்பப் பம்பி வைத்தால் கரிம வெளியேற்றம் பெரிதும் குறையும். யூன், செப்ரெம்பர் வெக்கையில் அதுவே வகுப்பைக் குளிர்விக்கும். கூரையில் ஒலியுறிஞ்சும் பலகைகள், காற்றுக் குழாய்களில் ஒலித்தணிப்பான்கள், வகுப்பறையை ஒட்டிக் கண்ணாடிக் கதவுள்ள சிறு குழு அறைகள் ஆகியவற்றை வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். பின்னர் சேர்ப்பது கடினம்.

2025 யூனில் மாகாணம் கல்விச் சபைக்கு மேற்பார்வையாளரை நியமித்ததால், நாம் தெரிவுசெய்த சபை உறுப்பினர்களின் அதிகாரம் போய்விட்டது. எனவே பாடசாலைப் பெற்றோர் சபையிலும், மாகாண சட்டமன்ற உறுப்பினரிடமும் நாம்தான் பேச வேண்டும். எமது தமிழ் வகுப்புகளும் இத்தகைய அறைகளில்தான் நடக்கின்றன. அடுத்த வரைபடம் மேசைக்கு வரும்போது, கண்ணாடியின் அழகைப் பார்க்குமுன் ஒன்றைக் கேட்போம்: பின்வரிசைப் பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் கேட்குமா?