அவளுக்கு இரவில்தான் கதவு திறக்கிறது

வளைகுடாவில் வீட்டுவேலை செய்த என் சித்தி அடி தாங்காமல் வெளியேறியது ஒரு வியாழன் இரவு. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். தூதரக எண்ணில் பதிவுக்குரல்: அலுவலக நேரத்தில் அழைக்கவும். வெள்ளி, சனி விடுமுறை. இரண்டு இரவும் மருத்துவமனை வராந்தாவில் கிடந்தாள்.

இரவுப் பணியாளரைக் குறைத்தது சிக்கனமாம். யார் செலவில்? பூட்டி வைக்கப்பட்ட பெண் வீடு உறங்கும்போதுதான் தப்ப முடியும். பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் இருக்கிறது. 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியும் இருக்கிறது; தூதரகச் சேவைகளுக்கு அவளைப் போன்றவர்கள் கட்டும் பணமும் அதில் சேர்கிறது. அவள் பணம் வேண்டும், அவள் அழைப்பு வேண்டாமா?

சிக்கனத்தை விருந்துகளில் காட்டுங்கள். அந்தத் தொலைபேசியை இரவிலும் ஒரு மனிதர் எடுக்க வேண்டும்.