தாளைத் திருப்புவது யார் வேலை?

தமிழ்த்துறைகளில் ஒரு பெருமிதம் வழங்கிவருகிறது. 'கணினி விவகாரமெல்லாம் நமக்குத் தெரியாதுங்க ஐயா, அதற்கென்று பையன்கள் இருக்கிறார்கள்' என்று சொல்லுகையில் நம்மவர் முகத்தில் படருகிற பெருமிதம். யாப்பு தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் இதைச் சொல்ல வெட்கப்படுவதில்லை. அதன் விலை என்னவென்று சென்ற பருவத்தில் நேரிலேயே கண்டோம். ஆகவே எழுதுகிறோம்.

முதுகலை மாணவி ஒருவர் ஒரு பிள்ளைத்தமிழ் நூலின் பாடபேதங்களை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு சுவடிகள், நான்கு அச்சுப் பதிப்புகள். ஏட்டின் உயிர் ஓர் அட்டவணையில் இருந்தது. ஐயத்துக்குரிய ஒவ்வொரு சொல்லும் ஆறு மூலங்களிலும் எவ்வாறு உள்ளது என்று அடுத்தடுத்து நிறுத்திக் காட்டும் ஏழு நிரல் அட்டவணை, பதினொரு பக்கம். நெட்டுவாக்கில் வைத்த ஏ4 தாளில் அது அடங்காது; படுக்கைவாக்கில்தான் அடங்கும்.

தாளைப் படுக்கைவாக்கில் மாற்றினார். எண்பது பக்க ஏடும் சேர்ந்து படுத்துக்கொண்டது. மீண்டும் நிமிர்த்தினார். அட்டவணையின் கடைசி இரண்டு நிரல்கள் தாளுக்கு வெளியே போயின. ஜெராக்ஸ் கடைக்காரர் அட்டவணையைத் தனிக் கோப்பாக்கி, பிடிஎஃப் ஆக்கி, அச்சிட்டுக் கொடுத்தார். நிமிர்ந்த தாளின் நடுவே, மேலும் கீழும் வெற்றிடம் விட்டு, அட்டவணை சுருங்கிக் கிடந்தது. பிறகு அவர் அச்சுப்பொறித் தட்டிலிருந்த தாளையே குறுக்காகத் திருப்பி வைத்துப் பார்த்தார்; தட்டு ஏற்கவில்லை. கடைசியில் மாணவி தம் நெறியாளரிடம் போனார். அவர் நம் நண்பர், நல்ல வாசகர். அவர் சொன்ன தீர்வு ஒரு வரி: 'அந்த அட்டவணையை எடுத்துடும்மா, சாரத்தை ரெண்டு பக்கத்துல எழுதிடு.'

இதைத்தான் நாம் மறுக்கிறோம். ஓர் ஆய்வின் ஆதாரத்தை வைப்பதா நீக்குவதா என்பதை, அச்சுப்பொறிக்கு முன்னால் தோற்றுப்போன ஒரு பிற்பகல் முடிவு செய்துவிடுவதா? நண்பர் அந்த அட்டவணையைப் படித்துவிட்டுத் தேவையில்லை என்று சொல்லியிருந்தால் நமக்கு மறுப்பில்லை. அவர் படிக்கவில்லை. தாள் திரும்பவில்லை என்பதற்காகச் சொன்னார்.

தாள் ஏன் திரும்பவில்லை? இதில் மாயம் எதுவுமில்லை. சாதாரண அச்சுப்பொறிக்குள் தாள் எப்போதும் ஒரே விதமாகத்தான் போகிறது. குறுகிய பக்கம் முன்னால். ஏ4 என்பது 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். 210-க்கென்று செய்த வாயில் 297 நுழையாது. திரும்புவது தாளன்று, அதன்மேல் விழும் பிம்பம். ஆகவே தட்டோடு மல்லுக்கட்டுவது வீண். பிம்பத்தைத் திருப்பும் கட்டளை மூன்று இடங்களில் இருக்கிறது: கோப்பில் ஒன்று, அச்சிடும்போது எழும் சாளரத்தில் ஒன்று, அச்சுப்பொறியின் டிரைவரில் ஒன்று. மூன்றும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. ஒரே முடிவை மூன்று இடங்களில் ஒளித்து வைத்த மென்பொருள்காரர்களை நாம் மன்னிப்பதாக இல்லை. ஆனால் அவர்கள் ஒளித்ததைத் தேடாமலிருப்பதற்கு அது சாக்கும் ஆகாது.

வேர்டில் தாளின் திசை பக்கத்துக்கு உரியதன்று. 'செக்‌ஷன்' எனும் பகுதிக்கு உரியது. பகுதி பிரிக்காத ஏடு முழுவதும் ஒரே பகுதி. எண்பது பக்கமும் ஒன்றாகப் படுத்ததன் காரணம் இதுவே. அட்டவணைக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, 'லேஅவுட்' பட்டியின் 'பிரேக்ஸ்' என்பதிலிருந்து 'நெக்ஸ்ட் பேஜ்' பிரிப்பை இட்டு, நடுப்பகுதியில் சுட்டியை வைத்துக்கொண்டு திசையை மாற்றினால் அந்தப் பதினொரு பக்கம் மட்டும் திரும்பும். லிப்ரே ஆஃபிஸில் இதே காரியம் பக்கப் பாணி மூலம் நடக்கிறது. 'லேண்ட்ஸ்கேப்' என்றே ஒரு பாணி அதில் ஆயத்தமாக உண்டு. மதிப்பெண் பட்டியல் அச்சிட்டு ஆண்டுதோறும் ஒரு கட்டுத் தாளை வீணாக்கும் நம் சகாக்களுக்கு ஒரு சொல்: எக்செலில் ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித் திசை. முதல் ஷீட்டைத் திருப்பியதால் மற்றவை திரும்பிவிடா.

கடைக்காரரின் பிடிஎஃப் பிழை வேறு வகை. பிடிஎஃப் கோப்பில் ஒவ்வொரு பக்கமும் தன் அளவையும் திசையையும் தானே சுமந்துகொண்டிருக்கிறது. அக்ரோபேட் ரீடரின் அச்சுச் சாளரத்தில் திசையை 'ஆட்டோ' என்று விட்டிருந்தால் அது அவ்வப் பக்கத்தைப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருக்கும். அங்கே 'போர்ட்ரெய்ட்' என்று அழுத்தி, 'ஃபிட்' என்றும் இருந்தமையால், படுத்த பக்கம் நிமிர்ந்த தாளின் அகலத்துக்குச் சுருக்கப்பட்டது. திரையில் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு 'சரியாகத்தானே இருக்கிறது' என்பவர்களும் உண்டு. ரீடரில் அந்தத் திருப்பம் பார்வைக்கு மட்டுமே, கோப்பில் பதிவதில்லை.

அந்தச் சுருக்கம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். 297 மில்லிமீட்டர் அகலம் 210-க்குள் வரவேண்டும். ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது. 10 பாயிண்ட் எழுத்து 7 பாயிண்ட் ஆகிறது. ஆங்கிலத்துக்கு இது கண்ணைக் கெடுக்கும்; தமிழுக்கோ பொருளையே கெடுக்கும். கடைக்காரர் கொடுத்த தாளை உருப்பெருக்கியோடு பார்த்தோம். மெய்யெழுத்தின் தலைப்புள்ளி பல இடங்களில் மேல்வரியோடு கரைந்திருந்தது. ன எது, ண எது என்று சுழியை எண்ண வேண்டியிருந்தது. இகரக் கொம்பும் ஈகாரச் சுழிப்பும் ஒன்றுபோல் தெரிந்தன. அட்டவணையின் பாதிப் பேதங்கள் இவற்றால் ஆனவையே! ஒரு புள்ளி, ஒரு சுழி, ஒரு குறில் நெடில்.

சுவடியோடு பழகியவர்களுக்கு இதன் கொடுமை உடனே புரியும். பெரும்பாலான ஏடுகளில் புள்ளியிடும் வழக்கமில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். ஓலை இயல்பிலேயே படுக்கைவாக்கு. நரம்பு ஓடும் நீளவாக்கில்தான் எழுத்தாணி செல்லும். ஒரு முழ நீளத்தை வீணாக்காமல் செய்யுளையும் உரைநடைபோல் அடி பிரிக்காது தொடர்ந்து கீறிப்போவார்கள். அதிலிருந்து அடி பிரித்து, புள்ளியிட்டு, குறில் நெடில் துணிந்து, நிமிர்ந்த தாளுக்குக் கொண்டுவந்ததுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்களின் உழைப்பு. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அவ்வாறே கொண்டுவந்தார். அவர்கள் இட்ட புள்ளியை, 'ஃபிட்' என்ற ஒரு சொல்லைக் கவனியாமையால் நாம் மீண்டும் அழித்துக்கொண்டிருக்கிறோம்.

'பிரதி என்பது சொல்லில் இருக்கிறது, தாளில் இல்லை. தாளின் திசையைப் பற்றி இலக்கிய ஆசிரியன் ஏன் கவலைப்பட வேண்டும்?' என்று நண்பர் கேட்டார். எண்சீர் விருத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஓரடிக்கு எட்டுச் சீர். நிமிர்ந்த நூற்பக்கத்தின் அகலத்தில் அது ஒரு வரியாக நிற்பது அரிது. ஆகவே அச்சிடுகிறவர்கள் நான்கு சீருக்கு ஒரு மடக்காக மடக்கி, நான்கடிப் பாடலை எட்டு வரியாக நிறுத்துகிறார்கள். விருத்தத்துக்கு எட்டடி என்று எழுதிவைக்கும் மாணவர்களின் விடைத்தாள்களை ஆண்டுதோறும் திருத்துகிறோம். அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறார்கள். தாளின் அகலம் அவர்களுக்கு யாப்பிலக்கணம் கற்பித்திருக்கிறது. சாமிநாதையர் சென்னையில் தங்கி அச்சுத்தாள்களைத் தாமே பார்த்துத் திருத்தியவர் என்பதையும் நண்பருக்கு நினைவூட்டினோம். அச்சுக்கூடத்து வேலை என்று அவர் ஒதுங்கவில்லை. நண்பர் பேச்சை மாற்றினார்.

மாணவியோடு துறைக் கணினியின் முன் அமர்ந்தோம். இரண்டு பிரிப்புகள் இட்டுத் திசையை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தலைப்புவரிதான் நெடுநேரம் அலைக்கழித்தது. 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்பதை ஒவ்வொரு பகுதியிலும் நீக்கிய பிறகே ஒழுங்குக்கு வந்தது. தையல் கடையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. படுத்த பக்கத்தின் தலைப்பகுதி ஏட்டின் முதுகுப்பக்கம் வரவேண்டும். தலைகீழாகத் தைத்துவிட்டால் வாசகர் ஏட்டை எதிர்ப்புறம் சுற்ற வேண்டும். ஆகவே பதினொரு தாளின் தலைவிளிம்பிலும் பென்சிலால் 'இப்பக்கம் தையல்' என்று அவரையே எழுதச் சொன்னோம். சரியாகவே தைத்துக் கொடுத்தார்கள்.

வாய்மொழித் தேர்வன்று புறத்தேர்வாளர் அட்டவணை வந்ததும் ஏட்டை வலப்புறமாகத் திருப்பி மேசையில் வைத்துக்கொண்டார். விரலை நிரல் நிரலாக நகர்த்தி, ஐந்தாம் மூலத்தில் ஓர் ஒற்றின்மேல் நிறுத்தி, 'இந்தப் புள்ளி பதிப்பாசிரியர் இட்டதா, நீங்கள் இட்டதாம்மா?' என்று கேட்டார். மாணவி சொன்ன விடை நமக்கு அவ்வளவு நிறைவளிக்கவில்லை. அது வேறொரு கட்டுரைக்கு உரியது.