நாம் கலைத்த சாட்சியம்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்கில் விடுதலை என்று செய்தி வந்தால் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. சட்டத்தில் ஓட்டை என்கிறோம், நீதிபதிக்குப் பிள்ளைகுட்டி இல்லையா என்கிறோம். டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் தூக்குமேடையே கட்டிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பை எடுத்துப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? படித்தால் சங்கடமாக இருக்கும். புகார் கொடுக்க இத்தனை நாள் ஏன், உடுப்பு எங்கே, தாய் ஏன் பிறழ் சாட்சி ஆனார், வயதுக்கு என்ன ஆதாரம் என்று அதில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் குழந்தையைச் சுற்றி நின்ற நாம்தான். சித்தப்பா, பாட்டி, வகுப்பாசிரியர், பக்கத்து வீடு, ஊர்ப் பெரியவர், பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள், எல்லாரும் இதில் அடக்கம்.

குழந்தையின் சொல்லை நம்ப நீதிமன்றம் என்றுமே தயங்குகிறது என்று நினைக்கிறோம். 1952 தீர்ப்புத் தொகுப்பில் இருக்கும் ராமேஷ்வர் வழக்கை எடுத்துப் பாருங்கள். ராஜஸ்தானில் எட்டு வயதுச் சிறுமி. அவளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கவில்லை. அதனால் சாட்சியம் செல்லாமல் போகாது என்றது உச்ச நீதிமன்றம். வேறு ஆதாரம் தேடுவது எச்சரிக்கைக்காகத்தான், சட்டக் கட்டாயம் இல்லை என்றும் சொன்னது. நடந்த சில மணி நேரத்தில் தாயிடம் அவள் சொன்னதையே துணை ஆதாரமாக எடுத்துக்கொண்டது. 1996-இல் குர்மீத் சிங் வழக்கில், நம்பத்தக்கதாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் ஒற்றைச் சாட்சியமே போதும் என்றது. 2012 நவம்பர் 14 முதல் போக்சோ சட்டமே நடைமுறையில் இருக்கிறது. வக்கீல் குழந்தையை நேரடியாகக் கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது.

ஆனால் ஒற்றைச் சாட்சியில் தண்டிக்க வேண்டுமென்றால் அந்தச் சொல் ஒரே சொல்லாக நிற்க வேண்டும். காவல் நிலையத்தில், மாஜிஸ்திரேட்டிடம், கோர்ட்டில் என மூன்று இடத்திலும் அடிப்படை மாறக் கூடாது. அதைத்தான் நாம் முதல் நாளே கலைத்துவிடுகிறோம்.

குழந்தை வாய் திறந்ததும் நாம் செய்வது விசாரணை. அம்மா கேட்கிறார், அத்தை கேட்கிறார், தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்கிறார். "மாமா இப்படிப் பண்ணாரா? இங்க தொட்டாரா? நல்லா யோசிச்சுச் சொல்லு." கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுக்கிறோம். ஐந்தாவது ஆள் கேட்கும்போது, முதலில் சொன்னது தப்போ என்று குழந்தைக்கே சந்தேகம் வந்துவிடும். பிறகு நிலையத்தில் புகாரை எழுதும்போது "மேற்படி நபர்", "பாலியல் இச்சையுடன்" என்று குழந்தையின் வாயில் வராத சொற்கள் ஏறுகின்றன. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறோம். குறுக்கு விசாரணையில் கேள்வி வரும்: "கோர்ட்ல என்ன பேசணும்னு அம்மா சொல்லித் தந்தாங்களா?" "ஆமா" என்கிறது குழந்தை. பயப்படாமல் பேசு என்று அம்மா சொன்னதைத்தான் அது நினைக்கிறது. பதிவாவது "ஆமா" மட்டும்.

அடுத்தது, குளிப்பாட்டுவது. துணியைத் துவைப்பது, சில வீடுகளில் எரிப்பது. அருவருப்பும் அழுகையும் கலந்த அந்த நேரத்தில் யாரையும் குறை சொல்ல மனசு வராது. ஆனால் துணியை அலசாமல் காகித உறையில் போட்டு வைக்க வேண்டும், நான்கு நாளைக்குள் போனால் உடலிலிருந்து மாதிரி எடுக்க முடியும் என்பதையெல்லாம் ஒரு பெற்றோர் கூட்டத்திலாவது சொல்லியிருக்கிறோமா? "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டார்" என்று பின்வாங்கும் குடும்பங்களும் உண்டு. தொடுதலில் பெரும்பாலும் காயமே இருக்காது. காயமில்லை என்பதற்காக மட்டும் கோர்ட் வழக்கைத் தள்ளுவதில்லை. தள்ளியது நாம்தான்.

தாமதத்தைக்கூடச் சட்டம் மன்னிக்கிறது. இமாச்சலில் ஒரு சிறுமி மூன்று ஆண்டு கழித்துச் சொன்ன வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2016-இல், உயர் நீதிமன்றம் தந்த விடுதலையை ரத்துசெய்து தண்டனையை மீண்டும் நிலைநிறுத்தியது. மிரட்டலுக்குப் பயந்த குழந்தையின் மௌனத்தை அது புரிந்துகொண்டது. அக்கா கல்யாணம் முடியட்டும் என்று பெரியவர்கள் தள்ளிப்போட்ட மாதங்களை எந்த நீதிபதியிடம் எப்படி விளக்குவது? குற்றம் செய்தவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். ஆகவே சமரசம் பேச வருகிறவரும் நமக்குத் தெரிந்தவரே. நம் வீட்டுத் திண்ணையில்தான் பேசுகிறார்.

அந்தச் சமரசத்தின் விலை கோர்ட்டில் தெரியும். வழக்கை விசாரணைக்கு ஏற்ற 30 நாளில் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 35-ஆம் பிரிவு. வாய்தா நீள நீள, ஊரும் உறவும் குழந்தையின் மேல் வேலை செய்கின்றன. மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலம் தனித்து நிற்காது. கோர்ட்டில் சொன்னதை வலுப்படுத்தவோ மறுக்கவோதான் அது உதவும். குழந்தையும் தாயும் பிறழ்ந்துவிட்டால், குற்றம் செய்ததாகவே அனுமானிக்கச் சொல்லும் 29-ஆம் பிரிவும் பெரும்பாலும் கைகொடுக்காது. அடிப்படைச் சம்பவத்தை அரசுத் தரப்பு முதலில் காட்ட வேண்டும். கடுமையான பிரிவில் குறைந்தது 20 ஆண்டுச் சிறை என்றிருக்கும்போது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

வயது விஷயம் இன்னும் வெட்கக்கேடு. பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிறந்த தேதியை ஜூனுக்கு இழுத்த ஊர் இது. தமிழ்நாட்டிலிருந்து போன யுவபிரகாஷ் வழக்கில், பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும் வயதை நிரூபிக்காது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு தாண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் அந்த முடிவு நியாயமே. ஆனால் உண்மையாகவே பதினான்கு வயதான பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால்?

பத்திரிகைக்காரர்களாகிய எங்கள் பங்கு தனி. பெயரை மறைத்துவிட்டு, தெருவையும் பள்ளியையும் தகப்பன் தொழிலையும் அச்சடித்தோம். 23-ஆம் பிரிவு இதைத் தடுக்கத்தான் இருக்கிறது என்று தெரிந்தே செய்தோம். சென்னையில் 2018-இல் காது கேளாத சிறுமியின் வழக்கில் கைதானவர்களைக் கோர்ட் வளாகத்திலேயே வழக்கறிஞர்கள் அடித்ததை முதல் பக்கத்தில் போட்டோம். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை, ஒருவர் விடுதலை என்று தீர்ப்பு வந்தது. எந்தச் சாட்சியம் அந்த 15 பேரைச் சேர்த்தது, எது அந்த ஒருவரைப் பிரித்தது என்று விரித்து எழுதும் பொறுமை எங்களுக்கு இருக்கவில்லை.

இனி உங்களிடம் ஒரு குழந்தை சொன்னால், அது சொன்ன சொல்லிலேயே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். மேலே மேலே கேட்காதீர்கள். 1098-ஐ அழையுங்கள், அல்லது காவல் நிலையம் போங்கள். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவில் ஆறு மாதச் சிறை வரை போகும் குற்றம். குழந்தைகள் நலக் குழுவிடம் ஆதரவு நபர் ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். சம்மன் வந்தால், அந்தக் குழந்தையோடு கோர்ட்டுக்குப் போக யாராவது ஒருவர் லீவு போடுங்கள்.